சீருடையில் ஒரு பட்டம்: அக்னிவீரர்களின் இக்னோ படிப்பு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜூன் 14 அன்று, இளைஞர்களை நான்கு ஆண்டுப் பணிக்கு முப்படைகளில் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. மறுநாள் கல்வி அமைச்சகம் இன்னோர் அறிவிப்பை வெளியிட்டது. அக்னிவீரர்கள், அதாவது இத்திட்டத்தில் சேரும் வீரர்கள், பணியில் இருந்தபடியே மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெறலாம், அதை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ வழங்கும், பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) பாதி அவர்கள் படையில் பெறும் பயிற்சிக்காகவே தரப்படும் என்றது அது. திட்டத்தை எதிர்த்த போராட்டங்களில் வட மாநிலங்களில் ரயில்கள் எரிந்துகொண்டிருந்த வாரம் அது. ஓய்வூதியம் இல்லை, நான்கே ஆண்டுப் பணி என்ற செய்திகளுக்கு நடுவே பட்டப்படிப்பு பற்றிய அறிவிப்பு பெரிதாகப் பேசப்படாமல் போயிற்று.

பேசப்பட்டிருக்க வேண்டும். பணிக்காலம் முடிந்ததும் நால்வரில் மூவரை வெளியே அனுப்பப்போகும் ஒரு திட்டத்தில், அந்த மூவர் கையோடு கொண்டுபோகக்கூடிய முக்கியமான கல்விச் சொத்து இந்தப் பட்டம்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படைப் பயிற்சியைப் படிப்பாகக் கணக்கில் எடுத்தது சரியான முடிவு. பல பத்தாண்டுகள் தாமதமாக வந்த முடிவும்கூட. ஆனால் பட்டத்தின் மறுபாதி, அதாவது புத்தகத்தைத் திறந்துவைத்துப் படிக்க வேண்டிய பாதி, வீரருடைய ஓய்வு நேரத்தின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. அந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதை அறிவிப்பு சொல்லவில்லை. இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் துரத்துகிறது.

இதற்கு முன்பு சிப்பாய்க்கு என்ன இருந்தது

இந்திய ராணுவத்தில் கல்விக்கென்று தனிப்பிரிவு தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. ராணுவக் கல்விப் படைப்பிரிவின் வேர் 1921-இல் இருக்கிறது. அதன் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் இயங்குகிறது. ஆங்கிலேயர் காலத்தில் சிப்பாய்களுக்கு ரோமன் எழுத்தில் உருது கற்பித்தார்கள். உத்தரவைப் படிக்கவும் வரைபடத்தைப் புரிந்துகொள்ளவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் போதுமான கல்வி அது. பதவி உயர்வுக்கென்று ராணுவமே வகுப்புவாரியாகச் சான்றிதழ் தேர்வுகள் நடத்தியது. படைக்குள் அவற்றுக்கு மதிப்பு உண்டு. வாசலைத் தாண்டி வெளியே வந்தால் அவற்றை யாருக்கும் தெரியாது.

இந்தக் குறையைச் சரிசெய்ய 1986-இல் மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்பு அல்லது ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழ் பெற்று, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றிய முன்னாள் படைவீரர், பட்டப்படிப்பு தகுதியாக வைக்கப்பட்ட குரூப் சி (எழுத்தர் நிலை) பணியிடங்களுக்குத் தகுதியானவராகக் கருதப்படுவார். தொழில்நுட்ப அனுபவமோ தொழில்முறை அனுபவமோ கட்டாயமாக இருக்கும் பணியிடங்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்களில், இந்த விதியைப் பிடித்துக்கொண்டு வங்கியிலோ மத்திய அரசு அலுவலகத்திலோ இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் உண்டு.

இந்தச் சலுகைக்கு ஓர் எல்லை இருக்கிறது. இது வேலைக்கான கதவை மட்டும் திறக்கும். எம்.ஏ. சேர முடியாது, பி.எட். படிக்க முடியாது, சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியாது. நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பும் ஒருவர் பள்ளி ஆசிரியராக விரும்பினால் பதினேழு ஆண்டுப் பணி அவருக்கு எந்த உதவியும் செய்யாது. 15 ஆண்டு என்ற நிபந்தனை இருப்பதால் நான்காண்டு அக்னிவீரருக்கு இந்தச் சலுகையே கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அவருக்கு இல்லை.

பட்டம்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தவர்களுக்கு அஞ்சல்வழிக் கல்வி இருந்தது. 1985-இல் இக்னோ சட்டம் இயற்றப்பட்ட பிறகு வழி இன்னும் அகன்றது. ராணுவத்தின் கட்டளைத் தலைமையகங்கள், கடற்படைத் தளங்கள், அசாம் ரைபிள்ஸ் ஆகியவற்றுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மண்டல மையங்களை இக்னோ வைத்துக்கொண்டது. 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக முகவரிகளுக்குப் பாடப்புத்தகக் கட்டுகள் போயின. அந்த நாளில் இக்னோவின் பி.ஏ.வுக்கு 96 கிரெடிட். மூன்று ஆண்டில் முடிக்கலாம், ஆறு ஆண்டு வரை நீட்டிக்கலாம். சிப்பாய்களுக்கு இந்த ஆறு ஆண்டு அவகாசம் பெரிய வரம். ஒரு பாடத்தைச் சமவெளியில் இருக்கும் முகாமிலும் அடுத்த பாடத்தை எல்லையிலிருந்து திரும்பிய பிறகும் எழுதி, சிறுகச் சிறுகச் சேர்த்து முடிக்க அது இடம் கொடுத்தது.

2009-இல் ராணுவமும் இக்னோவும் சேர்ந்து 'ஞானதீப்' என்ற ஏற்பாட்டைச் செய்தன. படைப் பயிற்சியைக் கல்வியாக மதிப்பிட்டு, சமுதாயக் கல்லூரி முறையில் இடைநிலைப் பட்டம் (அசோசியேட் டிகிரி) ஒன்றை வழங்குவது அதன் நோக்கம். அக்னிவீரர் பட்டத்துக்கு நேர் முன்னோடி அதுதான். சில ஆண்டுகளிலேயே சமுதாயக் கல்லூரித் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒப்பந்தத்தின் மேல் மட்டும் நிற்கும் கல்வி ஏற்பாடு எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதை அப்போதே கண்டிருக்கலாம்.

அதிகாரிகளுக்கு ஒரு நியாயம்

அக்னிவீரர் பட்டத்தை எதிர்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்று உண்டு: துப்பாக்கி சுடுவதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் கல்லூரி மதிப்பெண்ணா? கேட்பவர்கள் அதிகாரிகளின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிற்சி முடிக்கும் கேடட்டுக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கிறது. இது பல பத்தாண்டு நடைமுறை. நீலகிரி வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் படிக்கும் அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு, போர்த்திறம் சார்ந்த படிப்பில் எம்.எஸ்சி. வழங்குகிறது. அதே வெலிங்டனில்தான் மதராஸ் ரெஜிமெண்டின் மையமும் இருக்கிறது. ஒரே மலையில் ஒரு வளாகத்தில் பயிற்சி முதுநிலைப் பட்டமாக மாறியது. பக்கத்து வளாகத்தில் பயிற்சி பயிற்சியாகவே நின்றுவிட்டது.

படைப் பயிற்சியில் கல்வி இருக்கிறது என்று அதிகாரிகள் விஷயத்தில் பல்கலைக்கழகங்கள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. சிக்னல் கருவியைக் கையாள்வது, இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவது, வரைபடத்தில் திசையும் தொலைவும் கணிப்பது, காயம்பட்டவருக்கு முதலுதவி செய்வது எல்லாம் திறன்கள்தாம். சிப்பாய் விஷயத்தில், ஞானதீப் போன்ற ஓரிரு முயற்சிகளைத் தவிர, அதை ஒப்புக்கொள்ள 2022 வரை ஆயிற்று என்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. சிப்பாயாக இருந்தபடியே முழுநேரம் படித்துப் பட்டம் பெற டேராடூனில் ராணுவக் கேடட் கல்லூரி என்ற வழி முன்பே உண்டு. ஆனால் அது அதிகாரியாகத் தேர்வு பெறும் சிலருக்கான படி. பட்டாலியனில் மிச்சமிருக்கும் அத்தனை பேருக்கும் அது பதில் ஆகாது.

புதிய ஏற்பாடு எப்படி இயங்குகிறது

பாதி கிரெடிட் படையில் பெறும் தொழில்நுட்ப, தொழில்நுட்பமல்லாத பயிற்சிக்கு. மறுபாதி மொழி, பொருளாதாரம், வரலாறு, அரசியல் அறிவியல், பொது நிர்வாகம், சமூகவியல், கணிதம், வணிகவியல், சுற்றுலா, வேளாண்மை முதலிய பாடங்களிலிருந்து. இவற்றோடு சுற்றுச்சூழல் கல்வியும் ஆங்கிலத் தொடர்புத் திறனும் உண்டு. முதலாண்டுப் பாடங்களோடு நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாம் ஆண்டோடு நிறுத்தினால் டிப்ளமா, மூன்றும் முடித்தால் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யும் தொழிற்கல்விக்கான தேசியக் குழுவும் இந்தச் சட்டகத்தை அங்கீகரித்துள்ளன. பத்தாம் வகுப்போடு சேர்பவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறும் வழியும் அறிவிக்கப்பட்டது.

காகிதத்தில் நல்ல வடிவமைப்பு. வழியிலேயே நின்றுபோனாலும் கையில் ஏதாவது ஒன்று மிஞ்சும் என்பது படை வாழ்க்கைக்குப் பொருத்தமானது. நடைமுறை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மானியக் குழுவின் 2022 டிசம்பர் சட்டகப்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். அந்த அளவை வைத்துக்கொண்டால் படித்து ஈட்ட வேண்டியது 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 30 மணி நேரம் என்பது இக்னோவின் கணக்கு. ஆக 1,800 மணி நேரம். நான்கு ஆண்டுப் பணியில் ஏறத்தாழ முதல் ஆறு மாதம் பயிற்சி மையத்தில் கழிந்துவிடும். அங்கே புத்தகத்தைத் தொட நேரம் கிடைக்காது. மீதி மூன்றரை ஆண்டு, சுமார் 182 வாரம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் வருகிறது. ஒரு வாரம்கூடத் தவறாமல் படித்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

விடியற்காலையில் பி.டி., பிறகு பரேட், பகல் முழுவதும் வேலை அல்லது பயிற்சி, மாலையில் விளையாட்டு, இரவில் ரோல் கால். முறை வந்தால் கார்டு ட்யூட்டி. அமைதிக்கால முகாமிலேயே நாள் இப்படித்தான் கரையும். எல்லைச் சாவடியில் இருப்பவருக்கு இதுகூட ஆடம்பரம். வழக்கமான சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அந்த லீவு நாள்களில்தான் பலர் அசைன்மெண்ட் எழுதி முடித்தார்கள், பரீட்சைக்குப் போனார்கள். அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்புதான். வழக்கமான சிப்பாயின் விடுப்பில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, அவரைவிடக் குறைந்த ஆண்டுகளில், அதே அளவு ஒழுங்கோடு படிக்க வேண்டும். கிரெடிட்டில் பாதியைத் தள்ளுபடி செய்த கை நேரத்தில் அதைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டது.

ஜூனும் டிசம்பரும்

இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூன், டிசம்பர் மாதங்களில் நடப்பவை. தேதியைப் பல்கலைக்கழகம் குறிக்கிறது. வீரர் அன்றைக்கு எங்கே இருப்பார் என்பதைப் படை குறிக்கிறது. இந்த இரண்டு நாள்காட்டிகளும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

ஜம்மு காஷ்மீரில் இருக்கும் ஒரு படைப்பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். பனி உருகும் கோடையில்தான் ஊடுருவல் கூடும், ரோந்து இரட்டிக்கும். ஜூன் தேர்வுக்கு ஆளை விடுவது கம்பெனி கமாண்டருக்குக் கடினமான முடிவு. குளிர்காலத்தில் சோஜிலா போன்ற கணவாய்கள் பனியால் அடைபடும். மேலே இருப்பவர் கீழே இறங்குவதே அரிது. ஆக ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு என்பது சிலருக்கு இல்லாத வாய்ப்பாக முடிகிறது. ஒருமுறை தவறினால் ஆறு மாதம் போயிற்று. ஆறு ஆண்டு அவகாசம் இருந்தவருக்கு அது ஒரு தாமதம்தான். மூன்றரை ஆண்டே கையில் உள்ளவர், இரண்டு முறை தவறவிட்டால் பட்டத்தை முடிக்காமலேயே பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. என்.ஐ.ஓ.எஸ். தன் மாணவர்களுக்கு அவரவர் வேண்டும் தேதியில் எழுதும் தேர்வை ஏற்கெனவே நடத்துகிறது. பட்டப் பாடங்களுக்கும் அதே முறையை, ராணுவ மண்டல மையங்களின் மேற்பார்வையில், கன்டோன்மெண்டுகளிலேயே வைக்கலாம். வினாத்தாள் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத இடம் நாட்டில் ஒன்று உண்டென்றால் அது ராணுவ முகாம்.

மொழியும் ஒரு தடை. இக்னோவின் இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே கிடைக்கின்றன. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துச் சேர்ந்த இளைஞர் ஓராண்டுக்குள் பேரக்கில் இந்தி பேசப் பழகிவிடுவார். லங்கரில், அதாவது முகாமின் உணவுக்கூடத்தில், பேசும் இந்தியை வைத்துப் பொருளாதாரத் தேர்வு எழுத முடியாது. ஆங்கிலத்தில் எழுதலாம் என்றால் பாடநூலைப் படிக்கவே அகராதி வேண்டும். அவருக்கு வாரம் பத்து மணி நேரம் போதாது. தமிழ்நாட்டிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் இருந்து வருபவர்களுக்கு இந்தச் சுமை கூடுதல் என்பதைத் திட்டம் தீட்டியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஊர் திரும்பியபின்

பட்டம் எதற்கு என்பதற்குத் துல்லியமான பதில் இருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீரர்களுக்கு 2022-இல் 10 சதவீத இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. அங்கே கான்ஸ்டபிளாகச் சேரப் பத்தாம் வகுப்பு போதும், சப்-இன்ஸ்பெக்டர் ஆகப் பட்டம் வேண்டும். தமிழ்நாட்டுக் காவல் துறையிலும் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்குப் பட்டம் கேட்கிறார்கள். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு ஆள் எடுக்கும் சி.டி.எஸ். எனும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வும் பட்டதாரிகளுக்கானது. 22 வயதில் வெளியே வரும் ஒருவர் சிப்பாயாக விட்ட படையில் லெப்டினன்டாக நுழையலாமா என்பதை இந்த ஒரு சான்றிதழ் முடிவு செய்யும்.

தமிழ்நாட்டில் இன்னொரு விதியையும் கவனித்தாக வேண்டும். 2009-இல் உச்ச நீதிமன்றம், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டத்தை ஏற்க மறுத்தது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று தமிழ்நாடு அரசு அரசாணை 107-ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களுடைய திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும். பத்தாம் வகுப்போடு படையில் சேர்ந்து, ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்து, அதன் வழியே நேராக பி.ஏ. சேர்ந்த பழைய சிப்பாய்களின் பட்டம் டி.என்.பி.எஸ்.சி. வாசலில் செல்லாமல் போனது இதனால்தான். பனியிலும் மணலிலும் உட்கார்ந்து படித்த ஒருவரிடம் உங்கள் பட்டம் இங்கே செல்லாது என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்று எழுதத் தேவையில்லை.

அக்னிவீரர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வழியும் சேர்த்தே அறிவிக்கப்பட்டதால் வரிசை காப்பாற்றப்படுகிறது. ஆனால் காலம் போதாது. பத்தாம் வகுப்போடு சேர்பவர் என்.ஐ.ஓ.எஸ். தேர்வை முடிக்கக் குறைந்தது ஓராண்டாவது ஆகும். அதன்மேல் மூன்றாண்டுப் பட்டம். நான்கு ஆண்டும் பயிற்சிக் காலம் உட்பட முழுதாகத் தீர்ந்துவிடும். ஒரே ஒரு தேர்வைத் தவறவிட்டாலும் பணிக்காலத்துக்குள் பட்டம் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் இளைஞர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: பிளஸ் டூவை முடித்துவிட்டே ஆள்சேர்ப்புக்குச் செல்லுங்கள். பத்தாம் வகுப்பு போதும் என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பி அந்த இரண்டு ஆண்டை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் 2013 மார்ச்

பணியில் இருந்தபடியே படிப்பதில் நீண்ட அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. அங்கே பணியில் இருப்பவருக்கு 'டியூஷன் அசிஸ்டன்ஸ்' என்ற கல்விக் கட்டண உதவி உண்டு. ஒரு கிரெடிட் மணிக்கு 250 டாலர் வரை அரசே கட்டும். பணி முடித்தவருக்கு 1944-இல் தொடங்கிய ஜி.ஐ. பில் உண்டு, இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய சுமார் 22 லட்சம் பேர் அதன் துணையோடு கல்லூரிக்குப் போனார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகம் 1949-இலேயே ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படைத்தளங்களுக்குப் பேராசிரியர்களை அனுப்பி வகுப்பு நடத்தியது. மாணவர் இருக்கும் இடத்துக்கு ஆசிரியர் போனார்.

இத்தனை பழமையான ஏற்பாடும் 2013 மார்ச்சில் சில நாள்களில் நின்றது. கட்டாயச் செலவுக் குறைப்பு வந்ததும் ராணுவம், விமானப்படை, மரைன் படை ஆகியவை கட்டண உதவிக்குப் புதிய விண்ணப்பம் பெறுவதை நிறுத்தின. கடற்படை மட்டும் தொடர்ந்தது. வெள்ளை மாளிகையின் மனுத் தளத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஒரு ஜனநாயகக் கட்சி செனட்டரும் ஒரு குடியரசுக் கட்சி செனட்டரும் சேர்ந்து திருத்தம் கொண்டுவந்தார்கள். அதே மாதத்தில் நாடாளுமன்றம் உதவியை மீட்டது. ஜி.ஐ. பில் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை, அதை யாரும் தொடவில்லை. கட்டண உதவி ஆண்டுச் செலவுக் கணக்கில் ஒரு வரி, அதனால் முதல் வெட்டு அதன் மேல் விழுந்தது.

நம் அக்னிவீரர் பட்டம் படைகளுக்கும் இக்னோவுக்கும் இடையிலான ஒப்பந்தங்களின் மேல் நிற்கிறது. ஞானதீப்புக்கு நேர்ந்ததை நினைத்தால், இதைப் படைப் பணி விதிகளுக்குள் எழுதிவைப்பது அவசரத் தேவை.

அமெரிக்கரிடம் கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. படையின் ஒவ்வொரு பயிற்சியும் எந்தக் கல்லூரிப் பாடத்துக்கு, எத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று அங்கே ஒரு கல்வி அமைப்பு மதிப்பிட்டு வெளியிடுகிறது. வீரரின் பயிற்சிப் பட்டியல் எந்தக் கல்லூரி அலுவலகமும் படித்துப் புரிந்துகொள்ளும் ஆவணமாக வருகிறது. நம்மிடம், மாணவர் ஈட்டும் கிரெடிட்டைப் பதிந்துவைக்க 2021-இல் தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கி இருக்கிறது. அக்னிவீரரின் பயிற்சிக் கிரெடிட் 'திறன் பயிற்சி' என்று ஒரே மூட்டையாகப் பதிவாகாமல், ரேடியோ இயக்கம், வாகனப் பராமரிப்பு, அலுவலகக் கணக்கு என்று பிரித்துப் பதிவானால், கோவையில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கும் அது விளங்கும்.

இனி செய்ய வேண்டியது

வாரத்தில் இரண்டு மாலைகளைப் படிப்புக்கென்று யூனிட் அட்டவணையிலேயே எழுத வேண்டும். பட்டாலியன்களில் கல்விப் பணிக்கென்று நியமிக்கப்பட்ட ஹவில்தார்களும் ஜே.சி.ஓ. எனும் இளநிலை அதிகாரிகளும் இருக்கிறார்கள், அவர்களைக் கொண்டே இதை நடத்தலாம். தேர்வு எழுதப் போகும் நாள்களை 30 நாள் விடுப்பில் கழிக்கக் கூடாது. பட்டம் பாதியில் நிற்கும்போதே பணிக்காலம் முடிந்தால், மீதிப் பாடங்களை ஊருக்குப் பக்கத்தில் தொடரும்படி அவருடைய பதிவைச் சென்னைக்கோ மதுரைக்கோ மாற்றிக்கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். வெளியேறும் அன்றே அது முடிந்திருக்க வேண்டும், பிறகு அவரே அலைந்து செய்துகொள்ளட்டும் என்று விடக் கூடாது. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு, பயிற்சிக் கிரெடிட் பாதி கலந்த இந்தப் பட்டம் மாநில அரசுப் பணிக்குச் செல்லும் என்று ஓர் அரசாணையில் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பில் ஒருவர் மறுக்கப்பட்டு, வழக்குத் தொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அதைப் பெற வேண்டிய நிலை வரக் கூடாது.

முதல் தொகுதியினர் 2022 நவம்பரில் ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்கா என்ற கடற்படைப் பயிற்சித் தளத்திலும், அதைத் தொடர்ந்து ராணுவப் பயிற்சி மையங்களிலும் நுழைந்தவர்கள். அவர்களுடைய நான்காண்டு 2026 இறுதி முதல் நிறைவடையத் தொடங்குகிறது. அவர்களில் எத்தனை பேர் பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழோடும் டிப்ளமாவோடும் நின்றார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடிக்காதவர்கள் அப்போது எந்தப் பணியிடத்தில் இருந்தார்கள் என்ற விவரத்தைப் பாதுகாப்பு அமைச்சகம் மாநில வாரியாக நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.